உயராத ஆறாவது கை

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் எங்கள் கிராமசபை இருந்தது. ஒன்பது வட்டாரம், ஒன்பது அங்கத்தவர்கள், அலுவலகம் என்று ஓடு போட்ட ஒரு கந்தோர், அதற்குள் ஒரு நீள மேசை, பத்துப் பன்னிரண்டு கதிரைகள். திருகோணமலையிலிருந்து லோஞ்சுப் படகில் வந்திறங்கும் உத்தியோகத்தர்கள் அதை ஏதோ பழைய பள்ளிக்கூடம் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். எங்களுக்கு அதுதான் பாராளுமன்றம். பகிடியாகச் சொல்லவில்லை. அறுபதுகளில் ஒரு தை மாதம், அந்த மேசையைச் சுற்றி எட்டுப் பேர் எழுந்து நின்று, எங்கள் தலைவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமா வேண்டாமா என்று சொன்னோம். ஏன் என்றும் சொன்னோம். அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன் என்று நினைக்கும்போது இந்த வயதிலும் என் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது.

நான் அப்போது உபஅக்கிராசனர். ஊரில் நெல்லுக் குத்தும் மில் ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். அக்கிராசனர், அதாவது சபைத் தலைவர், வயல் செய்யும் கமக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊர் அவரைச் சேர்மன் என்றே கூப்பிட்டது. எங்களைப் பேச விடுவார். ஆனால் நாங்கள் பேசி முடிப்பதற்குள் கையெழுத்தைப் போட்டுவிடுவார்.

“கதைச்சு முடிச்சிட்டியளோ? நல்லது. நான் ஒப்பம் வைச்சிட்டன்” என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அவருடைய கதிரையில் எனக்கு ஆசை இருந்தது. அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எங்கள் சபை செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கிறவல் வீதி. வயல்வெளிக்கு நடுவே மண்ணை அணைபோல உயர்த்தி அதன்மேல் கிறவல், அதாவது சரளை மண், கொட்டிப் போட்டது. அதற்கு முன் மாரியில் நோயாளியைத் தோணியில் வைத்துத்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வீதிக்காக நான் மூன்று வருஷம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். திறந்த அன்று அதில் முதலில் சைக்கிள் ஓட்டியவன் நான்தான். ஒரேயொரு பிழை விட்டோம். தண்ணீர் போவதற்கு இரண்டு சின்னக் குழாய்களை மட்டும் புதைத்தோம். போதும் என்று சபையில் சொன்னவனும் நான்தான்.

அந்த மார்கழியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறு பெருகி வெளிக்குள் இறங்கியது. குழாய்கள் இரண்டும் குப்பையும் மரக்கொப்பும் அடைத்துக்கொள்ள, வீதியே அணையாகித் தண்ணீரை மறித்தது. வீதிக்கு மேற்கே ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. மண் சுவரும் தென்னங்கிடுகுக் கூரையுமாக இருபது வீடுகள். பெரும்பாலும் வெருகல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். இரண்டு மூன்று முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. தண்ணீர் அந்த வீடுகளுக்குள் ஏறியது. வீதிக்குக் கிழக்கே வயல்கள், பயிர் கதிர் வருமுன் குடலை தள்ளும் பருவத்தில் நின்றது.

ஆறாம் நாள் விடியற்காலை, சேர்மன் ஆறு பேரை மண்வெட்டியோடு கூட்டிப்போய் வீதியை வெட்டிவிட்டார். மறித்து நின்ற தண்ணீர் முழுக்கக் கிழக்கே பாய்ந்தது. மதியத்துக்குள் குடியிருப்பில் தண்ணீர் வடிந்தது. அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் கிழக்கு வயல்கள் மண் மூடிப் படுத்துவிட்டன. அதில் என் மனைவியின் தமையனுடைய வயலும் ஒன்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மைத்துனரின் வயலைவிட என் வீதி போனதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்து இரண்டு கிழமைக்குப் பின், சபையின் எழுத்து வேலை பார்த்த லிகிதர் ஒரு கடிதத்தின் பிரதியை என்னிடம் காட்டினார். டி.ஆர்.ஓ.வுக்கு, அதாவது எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க அதிகாரிக்கு, சேர்மன் எழுதியது. “சபையின் அவசரக் கூட்டத்தில் ஏகமனதாக எடுத்த தீர்மானத்தின்படி வீதி வெட்டப்பட்டது” என்று அதில் இருந்தது.

“இப்பிடி ஒரு கூட்டம் எப்ப நடந்தது?” என்று கேட்டேன்.

லிகிதர் முகட்டைப் பார்த்தார். “நடக்கேல்ல ஐயா. தான் சொன்னதை எழுதச் சொன்னார், எழுதினனான்.”

அந்தப் பிரதியை நான் யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. நேரே இரண்டாம் வட்டாரத்து அங்கத்தவர் வீட்டுக்குப் போனேன். அவர் பென்சன் எடுத்து இளைப்பாறிய தபாலதிபர். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போடாமல் வெளியே வரமாட்டார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“ஏகமனதாக எண்டா நானும் சேர்த்தி” என்றார். “நான் போகாத கூட்டத்தில என்ர மனதை வைச்சு எழுதியிருக்கிறார்.”

அடுத்த கிழமையே சேர்மனை நீக்கும் பிரேரணையை அவர் கொண்டுவந்தார். மூன்று குற்றங்கள். சபைத் தீர்மானம் இல்லாமல் சபையின் வீதியை வெட்டியது. அந்தக் குடியிருப்பில் இருந்த தன் தங்கையின் வீட்டைக் காப்பாற்றவே வெட்டியது. நடக்காத கூட்டம் நடந்ததாக எழுதியது. நீக்குவதென்றால் ஒன்பது பேரில் ஆறு கை உயர வேண்டும். சேர்மன் தன் வழக்கில் வாக்களிக்க ஏலாது. தலைமை வகிப்பதற்கு உபஅக்கிராசனர். ஆறு கை உயர்ந்தால் அடுத்த கணமே கதிரையில் இருக்கப்போவதும் அதே உபஅக்கிராசனர்தான்.

முதல் கூட்டத்துக்கு ஊரே வந்து விறாந்தையிலும் யன்னலோரமும் நின்றது. சேர்மன் மேசையின் கடைசிக் கதிரையில், சாதாரண அங்கத்தவர் இருக்கிற இடத்தில், போய் இருந்தார். குற்றங்களை வாசித்தேன்.

“என்ன சொல்லுறியள்?” என்று கேட்டேன்.

“வெட்டினனான்.”

“கடிதம்?”

“எழுதினது எழுதினதுதான்.”

அதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த மௌனத்தை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒன்பதாம் வட்டாரத்து அங்கத்தவர் எழுந்தார். அந்தக் குடியிருப்பு மக்களின் ஆள். கடலில் வலை போடுகிறவர். சபையில் வருஷத்துக்கு இரண்டு தரம் வாய் திறந்தால் அதிகம். “அங்க இருந்த சனத்தைக் கூப்பிட்டுக் கேக்க வேணும்” என்றார். “வெட்டின ஆறு பேரையும் கேக்க வேணும்.”

எங்களிடம் கடிதம் இருக்கிறது, பிறகு எதற்குச் சாட்சி என்று நாலைந்து குரல் எழும்பியது. வாக்குக்கு விட்டேன். ஐந்துக்கு இரண்டாக அவருடைய வேண்டுகோள் தோற்றது. நான் நடுநிலை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவர் அமர்ந்தார். அமரும்போது என்னைப் பார்த்த பார்வை மட்டும் எனக்குள் நின்றுவிட்டது.

கூட்டம் முடிகிற நேரம் தபாலதிபர் ஒரு திருத்தம் சொன்னார். “வாற கூட்டத்தில சும்மா கையை உயர்த்திப்போட்டுப் போக ஏலாது. ஒவ்வொருத்தரும் எழும்பி, என்ன காரணத்துக்கு எண்டு சொல்ல வேணும். லிகிதர் அதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேணும். எங்களுக்குப் பிறகு வாறவை வாசிக்கட்டும்.”

இதற்கு எட்டுப் பேரும் ஓம் என்றோம். எங்கள் சபை செய்த நல்ல காரியங்களில் முதலாவது இது என்று நான் சொல்வேன்.

காரணம் சொல்ல வேண்டும் என்றதும்தான் எனக்குச் சிக்கல் தெரிந்தது. கை உயர்த்துவது சுலபம். காரணம் என்று யோசித்தால், என் வீதி, என் மைத்துனர், என் கதிரை ஆசை என்று எல்லாம் என்னைப் பற்றியதாகவே வந்தன. அந்தக் கூட்டத்துக்கு மூன்றாம் நாள் காலை மில்லைப் பூட்டிவிட்டு அந்தக் குடியிருப்புக்கு நடந்தேன். வெள்ளத்துக்குப் பின் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

ஒரு பெண் முற்றத்தில் நனைந்த மண்ணை வெட்டிச் சுவருக்கு அப்பிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அவளுடைய நெஞ்சளவில் இருந்தது.

“பிள்ளையளைக் கூரையில ஏத்தினனாங்கள் ஐயா” என்றாள். “கூரையும் ஆடத் தொடங்கினது. சேர்மன் கழுத்தளவு தண்ணியில வீடு வீடா வந்தவர். ‘எத்தினை பேர் இருக்கிறியள், எத்தினை பேர் இருக்கிறியள்’ எண்டு கேட்டவர். நாங்கள் சொல்லச் சொல்ல வாய்க்குள்ள எண்ணிக் கூட்டிக்கொண்டு போனவர்.”

“அவற்ற தங்கச்சி வீடு எது?”

கையை நீட்டினாள். குடியிருப்பின் கடைசியில், மேட்டில், ஒரு கல்வீடு. “அங்க தண்ணி வாசல்படியைக்கூடத் தொடேல்ல. எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் அங்கதான் போய் நிண்டவை.”

திரும்பி வருகிற வழியில், வெட்டிய இடத்தில் நின்று பார்த்தேன். வீதியின் வாய் இரண்டு பக்கமும் பிளந்து கிடந்தது. அடைபட்ட என் குழாய் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னும் கொப்புகள் செருகியிருந்தன.

வீட்டில் நான் கண்டதை மனைவிக்குச் சொன்னேன். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்ப என்ர அண்ணன்ர வயல்?”

“அதுவும் போனதுதான்.”

“இஞ்சேருங்கோ, நீங்கள் அந்தாளை விட்டா அண்ணன் எங்கட வீட்டுப் படி மிதிக்க மாட்டார். அதை நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ.”

“நினைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்” என்றேன்.

இரண்டாம் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் தபாலதிபர். அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும்.

“வெள்ளத்தில றோட்டை வெட்டினதுக்கு நான் அவரைக் குற்றம் சொல்லேல்ல. தங்கச்சி வீட்டுக் கதையையும் விடுறன், அதுக்கு எங்களிட்ட ஆதாரம் இல்லை. ஆனா நடக்காத கூட்டம் நடந்ததெண்டு அரசாங்கத்துக்கு எழுதினார். முப்பது வருஷம் தபால் கந்தோரில இருந்தனான். ஒரு முத்திரையைக்கூடப் பிழையான திகதியில குத்தினதில்லை. இண்டைக்கு நல்ல காரியத்துக்குப் பொய் எழுதினதை நாங்கள் விட்டா, நாளைக்கு இந்தக் கதிரையில ஆர் இருப்பினம், என்ன காரியத்துக்கு எழுதுவினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. நீக்க வேணும்.”

கையை உயர்த்தினார். அவருக்குப் பின் நாலு பேர் எழுந்தார்கள். மூன்று பேர் தபாலதிபரின் காரணத்தையே தங்கள் சொல்லில் சொன்னார்கள். நாலாமவர், “எனக்கு அவரைப் பிடிக்காது. வேற காரணம் சொன்னா அது பொய்” என்றார். லிகிதர் பேனையை நிறுத்தி, “அப்பிடியே எழுதவோ?” என்று கேட்டார். “எழுதுங்கோ” என்றார் அவர். விறாந்தை சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என்னைவிட நேர்மையான ஆள் அவர் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஐந்து கை.

ஆறாவதாக எழுந்தவர் பசாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். முஸ்லிம் ஆள். நாங்கள் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கிழக்கு வயல்களில் மிகப் பெரிய துண்டு அவருடையது. முழுக்கப் போயிருந்தது. அவருடைய கை உயரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

“என்ர வயலைப் போய்ப் பாத்தனான்” என்றார். “முழங்கால் உயரத்துக்கு மண். பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள ஒண்டை யோசிச்சன். அண்டைக்கு விடிய அந்த இடத்தில சேர்மனுக்குப் பதிலா நான் நிண்டிருந்தா என்ன செய்திருப்பன்? கூரைக்கு மேல பிள்ளையள். கீழ என்ர பயிர். மண்வெட்டியை நானே கையில வாங்கியிருப்பன். நான் செய்திருக்கக்கூடிய வேலைக்கு இன்னொரு ஆளை எப்பிடி வீட்டுக்கு அனுப்புறது? கடிதம் பிழைதான். அதுக்காகப் பதவியை எடுக்கிற அளவுக்குப் பெரிய பிழையா எனக்குத் தெரியேல்ல. நான் கை உயர்த்த மாட்டன்.”

வயல் போன ஒருவர் யன்னலோரத்திலிருந்து, “நானா!” என்று மட்டும் சொன்னார். கோபமா மரியாதையா என்று பிரிக்க ஏலாத குரல்.

அடுத்து ஒன்பதாம் வட்டாரத்தார். “எங்கட சனத்தின்ர உயிரைக் காப்பாத்தினவர் எண்டதுக்காக நான் விடேல்ல” என்று தொடங்கினார். “அப்பிடி நினைக்காதையுங்கோ. ஆளைக் குற்றம் சாட்டினீங்கள். ஆனா கண்டவனைக் கேக்கேல்ல, செய்தவனைக் கேக்கேல்ல. கேக்க வேணுமெண்டு நான் சொன்னனான், வேண்டாமெண்டு கை உயர்த்தினீங்கள். அரைவாசி விசாரிச்சுப்போட்டு முழுத் தண்டனை குடுக்க என்னால ஏலாது.”

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் முறை. என் கை உயர்ந்தால் ஆறு.

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“முதலில் ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேணும். சாட்சியைக் கேக்க வேணுமெண்டு சொன்னபோது நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தனான். பிறகு தனியப் போய்ப் பாத்தனான். சேர்மன்ர தங்கச்சி வீட்டைத் தண்ணி தொடேல்ல. ரெண்டாவது குற்றம் பொய். குழாய் ரெண்டு போதும் எண்டு இந்தச் சபையில சொன்னவன் நான். வீதி அணையா நிண்டதுக்கு அவரைவிட நான் பொறுப்பு. முதலாவது குற்றத்தை என்னால அவற்ற தலையில மட்டும் போட ஏலாது. மூண்டாவது உண்மை. கடிதம் பொய்தான். அதைத் திருத்தி எழுத வேணும். எழுத்தில விட்ட பிழையை எழுத்தாலயே திருத்தலாம், ஆளை எடுக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். இன்னொண்டு. என்ர கை உயர்ந்தா அந்தக் கதிரை எனக்கு. நீதிக்காக உயர்ந்ததோ கதிரைக்காக உயர்ந்ததோ எண்டு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியேல்ல. பிரிக்கத் தெரியாத கையை நான் உயர்த்த மாட்டன்.”

தபாலதிபர் உடனே எழுந்தார். “உங்கட மனம் சுத்தமா இருக்க வேணுமெண்டு ஊரின்ர சட்டத்தை விட்டுக்குடுக்கிறியள்.”

“இருக்கலாம்” என்றேன். “அதையும் எழுதச் சொல்லுங்கோ.”

ஐந்துக்கு மூன்று. பிரேரணை தோற்றது என்று நானே அறிவித்தேன்.

கலைந்துபோக எல்லாரும் எழும்பிய நேரம், மேசையின் கடைசியிலிருந்து சேர்மன் கையைக் காட்டி, லிகிதரை இருக்கச் சொன்னார். அவர் எழுந்து நிற்கச் சில நொடி எடுத்தது.

“கடிதத்தைப் பற்றி நீங்கள் கேட்டனீங்கள். நான் சொல்லேல்ல” என்றார். குரல் எங்களுக்குப் பழக்கமான குரலாக இல்லை. “வெட்டின பிறகு கிழக்கால தண்ணி போன வேகத்தைப் பாத்தன். அங்க காவல் குடிலில ஆரும் இருந்திருந்தா? அண்டு பின்னேரம் வரைக்கும் எனக்குத் தெரியாது, ஒருத்தரும் இல்லையெண்டு. பயந்துபோனன். தனிய நிக்கப் பயந்து உங்கள் எல்லாரையும் எனக்குப் பக்கத்தில நிக்க வைச்சு எழுதினனான். தபாலதிபர் ஐயா சொன்னது சரி. அதை எழுதுங்கோ.”

தபாலதிபர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேர்மன் வெளியே போகும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

அந்தக் கிழமையே இரண்டாவது கடிதம் போனது. கூட்டம் நடக்கவில்லை, வெட்டியது தன்னுடைய தனி முடிவு என்று சேர்மன் எழுதியிருந்தார். டி.ஆர்.ஓ.விடமிருந்து கடுமையான பதில் வந்தது. அதை மறைக்காமல் சபையில் தானே சத்தமாக வாசித்தார்.

என் மைத்துனர் சொன்னபடியே செய்தார். ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மில்லுக்கு நெல் கொண்டுவருகிற சிலரும் வேறு மில்லுக்குப் போனார்கள். மனைவி என்னோடு கதைத்தாள். ஆனால் அளந்து கதைத்தாள். பிறகு மைத்துனரின் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது அவரே வந்தார். வந்து, என்னைப் பார்த்து, “பந்தலுக்கு ஆள் வேணும்” என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

அடுத்த தேர்தலில் சேர்மன் தன் வட்டாரத்தில் வென்றார். ஆனால் புதிய சபை என்னை அக்கிராசனராகத் தெரிவுசெய்தது. நான் விரும்பிய கதிரை, நான் விரும்பிய வழியில் வந்தது. பழைய சேர்மன் சாதாரண அங்கத்தவராக ஒரு கூட்டமும் தவறாமல் வந்தார். நான் பேச்சை இடையில் நிறுத்திக் கையெழுத்துப் போடப் பார்த்தால், “பொறுங்கோ, இன்னும் கதைச்சு முடியேல்ல” என்பார்.

வெட்டிய இடத்தில் மூன்று கண் வைத்த பாலம் கட்டினோம். கூடவே ஒரு விதியும் செய்தோம். உயிராபத்து வந்தால் அக்கிராசனர் தனியே முடிவெடுக்கலாம், ஆனால் மூன்று நாளைக்குள் சபையைக் கூட்டி நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். “நடந்ததை நடந்தபடி” என்ற சொற்களைப் போட்டவர் தபாலதிபர். அந்த விதிக்குப் பழைய சேர்மனின் கைதான் முதலில் உயர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிராமசபைகளைக் கலைத்தார்கள். அதற்குக் கொஞ்ச நாளுக்குப் பிறகு ஒரு காலை, பட்டினத்துக்குப் போகிற லோஞ்சில் தபாலதிபரைச் சந்தித்தேன். நன்றாக வயது போயிருந்தது. கழுத்துப் பொத்தான் மட்டும் பூட்டியபடியே இருந்தது. பக்கத்தில் இருந்தேன். குடாவின் நடுப்பகுதிக்கு வருவதற்குள் பழைய வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“நான் இப்பவும் உங்கட பக்கம் இல்லை” என்றார். “நீக்கியிருக்க வேணும்.”

“நீக்கியிருந்தா அவர் அந்த உண்மையைச் சொல்லியிருப்பாரோ?”

“அது வேற விசயம். சொன்னதுக்காக முன்னம் எழுதினது இல்லையெண்டு ஆகுமோ?”

குரலை உயர்த்திக்கொண்டே போனோம். எங்களுக்கு எதிரே இருந்த ஒரு இளம் ஆள், கொஞ்சம் பயந்துபோய், “ஐயாமார் கோட்டு வழக்குக்குப் போறியளோ?” என்று கேட்டார்.

“இல்லைத் தம்பி” என்றார் தபாலதிபர், தோளை நிமிர்த்திக்கொண்டு. “நாங்கள் தீர்ப்புச் சொன்ன ஆக்கள்.”